குளிர்ந்த டீசல் லாரிக்கு ஸ்லோவைக் கூட்டலாமா?

பனி விழும் காலையில் லாரியை ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் ஓடவிட்ட பிறகும் டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடக்கும். கேபின் ஹீட்டரைத் திறந்தால் வருவது குளிர்காற்று. சைலன்சர் முனையில் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை. கால் தானாக ஆக்ஸிலரேட்டரைத் தேடும். கொஞ்சம் ரேஸ் கொடுத்து வைத்தால் சீக்கிரம் சூடாகிவிடாதா?

பாதி சரி. ஸ்லோவை, அதாவது பெடலைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, கூட்டி வைப்பதால் இன்ஜினுக்கு நன்மைகள் உண்டு. ஆனால் அந்த வரிசையில் சூடு கடைசியில்தான் வருகிறது. அது தெரியாமல் போவதால்தான் அரை மணி நேரம் ரேஸில் நிற்கும் வண்டிகளையும், பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக் கொடுத்த கட்டைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நின்ற இடத்தில் டீசல் ஏன் சூடாவதில்லை

பெட்ரோல் இன்ஜினில் காற்றை மறிக்கும் த்ராட்டில் தகடு உண்டு. ஸ்லோவில் காற்றும் குறைவு, பெட்ரோலும் குறைவு. இரண்டும் பெரும்பாலும் எடையில் 14.7-க்கு 1 என்ற கணக்கை ஒட்டியே கலக்கும். டீசலில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது காற்றல்ல, டீசலின் அளவு. ஸ்லோவில் நின்றாலும் ஒவ்வொரு சிலிண்டரும் வாய் நிறையக் காற்றை இழுக்கும்; அதற்குள் விழும் டீசலோ சில துளிகள்தான்.

13 லிட்டர் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 600 சுற்று) அது நிமிடத்துக்கு 3900 லிட்டர் வரை காற்றை இழுக்கும். எடையில் நாலரை கிலோ சொச்சம். அதே நிமிடத்தில் எரியும் டீசல் 40 கிராம் சொச்சம். ஒரு பங்கு டீசலுக்கு நூறு பங்குக்கு மேல் காற்று. ஒரு பிடி சுள்ளியைக் கொளுத்தி ஒரு கல்யாண மண்டபத்தைச் சூடாக்கப் பார்ப்பது போன்ற கதைதான்.

இப்போது வேகத்தை 1000-க்கு ஏற்றுவோம். காற்று 6500 லிட்டராகிறது. டீசலும் மணிக்கு 3 லிட்டரிலிருந்து 5 லிட்டர் பக்கம் போகிறது. விகிதம் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் பிறக்கும் சூடு கூடவில்லை. வெடிப்புகளின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது.

எவ்வளவு சூடு வேண்டும் என்பதையும் தோராயமாகப் போட்டுப் பார்த்துவிடலாம். இன்ஜின் இரும்பு ஒரு டன், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை) 40 லிட்டர், ஆயில் 35 லிட்டர். இவற்றை 0 டிகிரியிலிருந்து 70 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவர இரும்புக்கு 32, கூலன்டுக்கு 10, ஆயிலுக்கு 4 என்று 46 மெகாஜூல் ஆகும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது ஏறத்தாழ 36 மெகாஜூல். அப்படியானால் ஒன்றேகால் லிட்டர் போதுமே என்று தோன்றும். ஆனால் புகையோடு போவது, விசிறி தின்பது, இன்ஜின் மேல் படும் குளிர்காற்று அள்ளிக்கொண்டு போவது எல்லாம் போக மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே பெரிது. மணிக்கு 3 லிட்டர் எரியும் 600 ஆர்பிஎம்மில் அது 10 கிலோவாட்; 46 மெகாஜூல் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 5 லிட்டர் எரியும் 1000 ஆர்பிஎம்மில் முக்கால் மணி. இரண்டிலும் செலவாகும் டீசல் கிட்டத்தட்ட ஒன்றேதான், நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே வண்டியைச் சுமையோடு சாலையில் நிதானமாக ஓட்டினால் மணிக்கு 25 லிட்டர் எரியும். அதில் கால் பங்கு மட்டுமே இன்ஜினுக்கு வருகிறது என்று வைத்தாலும் 60 கிலோவாட். 13 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் கேபின் ஹீட்டரைச் சேர்க்கவில்லை. பெரிய லாரியின் ஹீட்டர், ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தால் பல கிலோவாட் சூட்டைக் கூலன்டிலிருந்து உறிஞ்சும். ஸ்லோவில் கூலன்டுக்கு வருவதே அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் மூடியே இருக்கிறது, ரேடியேட்டருக்குத் தண்ணீரே போகவில்லை, ஆனாலும் முள் ஏறவில்லை என்றால் பல நேரம் காரணம் இதுதான். ஸ்டார்ட் செய்தவுடன் ஹீட்டரைத் திறக்காமல், முள் அசையும்வரை பொறுப்பதில் இருக்கும் லாபம் 300 ஆர்பிஎம் கூட்டுவதில் கிடைக்காது.

அப்படியென்றால் கூட்டுவது எதற்கு?

முதல் காரணம் சிலிண்டருக்குள் இருக்கிறது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய சூடு காற்றை அழுத்துவதால் மட்டுமே கிடைக்கிறது. 17-க்கு 1 அழுத்தவிகிதம் உள்ள நல்ல இன்ஜினில் அழுத்தத்தின் முடிவில் காற்று 500 டிகிரியைத் தாண்டும். ஆனால் லைனரும் (சிலிண்டரின் உள்சுவர்) பிஸ்டனும் குளிர்ந்து கிடக்கும்போது அந்தச் சூடு சுவருக்குள் கசிந்துவிடும். ரிங் இடுக்கு வழியே கொஞ்சம் காற்றும் தப்பிவிடும். கசிவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதே கேள்வி. 600 ஆர்பிஎம்மில் பிஸ்டன் கீழிருந்து மேலே வர 50 மில்லிசெகண்ட் ஆகிறது. 1000-இல் 30 மில்லிசெகண்ட். நேரம் குறைந்தால் கசிவும் குறையும். அழுத்தத்தின் முடிவில் காற்று இன்னும் சூடாக இருக்கும். டீசல் ஒழுங்காகப் பற்றும். 600-இல் வெள்ளையாகப் புகைந்து, ஒரு சிலிண்டர் விட்டு விட்டுத் தட்டிய வண்டி 950-க்கு ஏற்றியதும் சத்தம் சீராகிப் புகை மெலிவது இதனால்தான். அந்த வெள்ளைப் புகை எரியாத டீசலின் மூடுபனி. சைலன்சர் வழியே வெளியேறியதைத்தான் நாம் பார்க்கிறோம். வெளியேறாத பங்கு லைனர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் இறங்குகிறது.

இரண்டாவது ஆயில். 15டபிள்யூ-40 ஆயிலில் அந்த 15டபிள்யூ என்ற முத்திரைக்கு ஒரு பொருள் உண்டு: கிராங்க் சுழல விடுகிறதா என்று மைனஸ் 20 டிகிரியிலும், பம்ப் இழுக்க முடிகிறதா என்று மைனஸ் 25 டிகிரியிலும் சோதித்திருக்கிறார்கள். 5டபிள்யூ என்றால் அவை மைனஸ் 30-ம் மைனஸ் 35-ம். உறைபனிக்கு அருகில் 15டபிள்யூ-40 தேன் மாதிரிதான் நகரும். அப்போது ஆயில் பிரஷர் முள் 4, 5 பார் காட்டுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது ஓட்டத்தின் அளவல்ல, தடையின் அளவு. கெட்டி ஆயில் ஃபில்டரை ஊடுருவ முடியாமல் பைபாஸ் வால்வைத் திறந்துகொண்டு வடிகட்டாமலே போய்க்கொண்டிருக்கலாம். ஆகவே முதல் அரை நிமிடம் ஸ்லோவில்தான் இருக்க வேண்டும்; கடைக்கோடியில் இருக்கும் டர்போ பேரிங்குக்கும் ராக்கர் ஷாஃப்ட்டுக்கும் ஆயில் போய்ச் சேரட்டும். அதன் பிறகு கூட்டினால் பம்ப் வேகமாகச் சுற்றி ஓட்டத்தை அதிகமாக்கும். ஸ்டார்ட் ஆன மறுகணமே ரேஸ் கொடுப்பவர் இதே செயலை முப்பது விநாடி முந்திச் செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். டர்போ பேரிங் தேய்வது அந்த முப்பது விநாடியில்தான்.

மீதிக் காரணங்கள் எளியவை. ஆல்டர்னேட்டர் 600-இல் முழு சார்ஜ் கொடுக்காது. ஸ்டார்ட் ஆவதற்காகக் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டரோ க்ளோ பிளக்கோ ஸ்டார்ட் ஆன பிறகும் சில நிமிடம் விட்டுவிட்டு எரியும். அப்போது ஹெட்லைட் மங்கி மங்கிப் பிரகாசிப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஏர் பிரேக் வண்டியில் டேங்கில் போதிய காற்றழுத்தம் ஏறும்வரை நகரவே முடியாது. கம்ப்ரஸர் இன்ஜின் வேகத்துக்குத் தகுந்தபடிதான் காற்றடிக்கும். வெயில் பிரதேசத்தில் ஸ்லோவைக் கூட்ட நியாயமான காரணம் ஏர் ஏற்றுவது ஒன்றுதான். 25, 30 டிகிரி வெப்பநிலையில் இன்ஜினுக்கு வார்ம்-அப் என்று தனியாக ஒரு நிமிடத்துக்கு மேல் தேவைப்படாது.

எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு நேரம்

கனரக இன்ஜினுக்கு 900 முதல் 1100. ஐந்து, ஆறு லிட்டர் அளவுள்ள இலகு லாரிக்கும் பிக்கப்புக்கும் 1000 முதல் 1200. இதற்கு மேல் போனால் குளிர்ந்த பாகங்களில் தேய்மானம்தான் கூடும், பலன் கூடாது. இந்த இடைவெளிக்குள் எந்த எண் என்பதை வண்டியே சொல்லும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சைடு மிரர் கலங்கும், கியர் லீவர் துடிக்கும், கிளட்ச் வீட்டுக்குள் கலகலவென்று சத்தம் வரும். அது அதிர்வு ஒத்திசையும் இடம். 50 ஆர்பிஎம் மேலேயோ கீழேயோ தள்ளி வையுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். ஹேண்ட் பிரேக், நியூட்ரல். சாவியைத் திருகி ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடியுங்கள். 15 விநாடிக்குள் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு இரண்டு நிமிடம் மோட்டாரை ஆறவிடுங்கள். பிடித்ததும் ஆயில் பிரஷரைப் பாருங்கள். 15 விநாடிக்குள் முள் எழவில்லை என்றால் அணைத்துவிட வேண்டும். ரேஸ் கொடுத்து எழுப்பப் பார்ப்பது பேரிங்குக்கு உலை வைப்பது. எழுந்தால் அரை நிமிடம் ஸ்லோ. பிறகு 800, சில விநாடி கழித்து 950 அல்லது 1000. சாதாரணக் குளிருக்கு 3 முதல் 5 நிமிடம். உறைபனிக்குக் கீழே 10 நிமிடம். கூலன்ட் 40 டிகிரியைத் தொட்டு முள் அசையத் தொடங்கியதும் ஸ்லோவுக்கு இறக்கி, வண்டியைக் கிளப்பலாம். 70, 80 டிகிரி வரும்வரை முழு ரேஸ், முழுச் சுமை, செங்குத்து ஏற்றம் வேண்டாம். ஆயில் எப்போதும் கூலன்டுக்குப் பின்னால்தான் சூடாகும். முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் இன்னும் கெட்டியாகவே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எலக்ட்ரானிக் வண்டியில்

இன்ஜினை நடத்தும் கணினியான இசியு உள்ள லாரிகளில் இதற்கென்று கம்பியும் ஸ்குரூவும் தேவையில்லை. பெரும்பாலானவற்றில் க்ரூஸ் கன்ட்ரோல் பட்டன்களே இந்த வேலையையும் செய்யும்: க்ரூஸ் சுவிட்சை ஆன் செய்து, செட் அல்லது ரெஸ்யூம் பட்டனை அழுத்தினால் இசியுவில் எழுதி வைத்த வேகத்துக்கு இன்ஜின் ஏறும், பிறகு ஒவ்வொரு தட்டலுக்கும் சிறிது சிறிதாகக் கூட்டவோ குறைக்கவோ முடியும். சில வண்டிகளில் இது தனி சுவிட்ச். பிடிஓ என்ற பெயரில் பம்ப், டிப்பர் வேலைக்காகக் கொடுக்கப்பட்ட அதே வசதிதான்.

வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் இன்ஜினில் கோளாறு இருக்காது. நிபந்தனைகளில் ஒன்று நிறைவேறியிருக்காது. வண்டி வேகம் பூஜ்யம், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், கியர் நியூட்ரல் அல்லது பார்க், பிரேக்கிலும் கிளட்சிலும் கால் இருக்கக் கூடாது. இவற்றை இசியு சுவிட்சுகள் மூலமாகத்தான் அறிகிறது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் லைட். பெடலை விட்ட பிறகும் பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பிரேக் சுவிட்ச் அட்ஜஸ்ட்மென்ட் தப்பியிருக்கிறது. இசியு உங்கள் கால் பிரேக்கில் இருப்பதாகவே நினைக்கும். அடுத்து கிளட்ச் சுவிட்ச். அதற்கடுத்து டாஷ்போர்டில் ஹேண்ட் பிரேக் விளக்கு எரிகிறதா என்பது. ஸ்பீடு சென்சாரில் ஃபால்ட் கோடு இருந்தாலும் பல வண்டிகளில் இந்த வசதி முடங்கிவிடும். எல்லாம் சரி என்றால் அந்த அம்சமே இசியு செட்டிங்கில் மூடப்பட்டிருக்கும். ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் அதைத் திறந்து, அதிகபட்ச வேகத்தையும் எழுதித் தருவார்கள். ஏறிய வேகம் நாலைந்து நிமிடத்தில் தானாக இறங்கி இன்ஜினே அணைந்துவிட்டால் அது ஐடில் ஷட்டவுன் டைமர். வீணாக ஓடுவதைத் தடுக்க வைத்தது; பழுதல்ல.

ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார் வயரில் ரெசிஸ்டரைச் சொருகி வேகத்தைக் கூட்டும் குறுக்கு வழி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. வேண்டாம். அந்த சென்சாரில் இரண்டு தடங்கள் உண்டு. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று இசியு இடைவிடாமல் சரிபார்க்கும். ஒன்றில் மட்டும் கை வைத்தால் ஃபால்ட் கோடு விழுந்து வண்டி தவழும் வேகத்துக்கு வந்துவிடும். இரண்டையும் ஏமாற்றிவிட்டால் அதைவிட மோசம்: ஓடும் வண்டி, கால் எடுத்த பிறகும் பெடல் அழுந்தியிருப்பதாக நம்பும்.

பழைய பம்ப் வண்டியில்

டீசல் பம்ப் இன்லைனோ ரோட்டரியோ, வேகத்தைக் கட்டுப்படுத்துவது மெக்கானிக்கல் கவர்னர் என்றால் இரண்டு ஸ்குரூ கண்ணில் படும். ஒன்று ஸ்லோ ஸ்குரூ. லீவர் திரும்பி வந்து முட்டும் இடத்தில், லாக் நட்டோடு இருக்கும். மற்றொன்று அதிகபட்ச வேக ஸ்குரூ. பெரும்பாலும் ஈயமோ கம்பியோ போட்டு சீல் வைத்திருப்பார்கள். சீல் இருப்பதைத் தொடாதீர்கள்.

ஸ்லோ ஸ்குரூவைத் திருகி வேகத்தைக் கூட்டி அப்படியே விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. காலையில் 950 காட்டிய இன்ஜின், சூடாகி உராய்வு குறைந்ததும் 1050-க்குப் போய் நிற்கும். முதல் கியர் போடும்போது கறமுற என்று கடிக்கும், கிளட்ச் தேயும், ஆட்டோமேட்டிக் வண்டி பிரேக்கை மீறி ஊரும், இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங் மந்தமாகும். ஸ்லோவை எப்போதும் இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது, தயாரிப்பாளர் சொன்ன எண்ணுக்கே வைக்க வேண்டும். ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டியில் கிராங்க் புல்லியில் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டி ஆப்டிகல் டாக்கோமீட்டரால் பார்க்கலாம். காதை நம்பி வைப்பவர்கள் பெரும்பாலும் கூடுதலாகத்தான் வைக்கிறார்கள். வேகம் கூடினால் சத்தம் சீராகக் கேட்கும், அது சரியான அளவு என்று தோன்றிவிடும்.

வார்ம்-அப்புக்கு வேண்டியது கை த்ராட்டில் கேபிள். டாஷ்போர்டில் இழுத்தால் நிற்கும், திருகினால் விடுபடும் குமிழ். அதிலிருந்து பம்ப் லீவருக்கு ஒரு கேபிள். பொருத்தும்போது மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். கேபிள் முனையை லீவரோடு இறுக்கிக் கட்டாமல் நீளத் துளையுள்ள பட்டை வழியாக மாட்ட வேண்டும். அப்போதுதான் குமிழ் உள்ளே இருக்கையில் கால் பெடல் தன்பாட்டுக்கு லீவரை இழுக்கும், கேபிள் குறுக்கே நிற்காது. லீவரின் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றிவிட்டு, இன்னொன்றும் சேர்த்து மாட்டுங்கள். குமிழை முழுக்க இழுத்தாலும் 1200-ஐத் தாண்டாதபடி கேபிள் உறையில் ஒரு தடுப்பு கிளாம்ப் இருக்கட்டும். மேனிஃபோல்டுக்கு அருகில் ஓடும் கேபிளின் பிளாஸ்டிக் உறை உருகி உள்கம்பியைப் பிடித்துக்கொள்ளும். கேபிள் பிடித்துக்கொண்ட வண்டி சாலையில் எப்படி நடந்துகொள்ளும் என்று விளக்கத் தேவையில்லை. மாட்டி முடித்ததும் சக்கரத்துக்கு ஆப்பு வைத்து, குமிழைப் பத்து முறை இழுத்து விட்டு, ஒவ்வொரு முறையும் ஸ்லோ பழைய எண்ணுக்கே திரும்புகிறதா என்று பாருங்கள்.

சில பம்புகளில் இது கம்பெனியிலிருந்தே வரும். ரோட்டரி பம்பின் பக்கத்தில் கூலன்ட் ஓடும் சிறு கிண்ணமும் அதற்குள் மெழுகு கேப்சூலும் இருந்தால், குளிரில் மெழுகு சுருங்கி லீவரை மேலே வைத்திருக்கும். கூலன்ட் சூடானதும் மெழுகு விரிந்து லீவரை ஸ்லோவுக்கு விட்டுவிடும். வண்டி சூடான பிறகும் ரேஸ் இறங்கவில்லை என்றால் அந்தக் கிண்ணத்துக்குப் போகும் சின்ன ஹோஸ் அடைத்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் அடைப்பு அங்கேதான். ஸ்டானடைன் டிபி2 பம்ப் வைத்த பழைய ஜிஎம், ஃபோர்டு டீசல் பிக்கப்களில் இந்த வேலைக்கு சொலினாய்டு (மின்காந்தத்தால் நகரும் தண்டு) உண்டு. ஆனால் அதற்கு லீவரைத் தள்ளும் வலு இல்லை, பிடித்து வைக்கும் வலு மட்டுமே. சாவி போட்டதும் ஒருமுறை பெடலை அழுத்தி விட வேண்டும்; அப்போது பிளஞ்சர் வெளியே வந்து லீவரைத் தாங்கும். இது தெரியாமல் நல்ல சொலினாய்டைக் கழற்றி எறிந்தவர்கள் பலர்.

நீண்ட நேரம் நின்றால்

அரை மணி, ஒரு மணி என்று சுமையில்லாமல் ஓடும் இன்ஜினில், ஸ்லோவாக இருந்தாலும் ரேஸாக இருந்தாலும், புகையின் வெப்பம் 100 முதல் 150 டிகிரி அளவிலேயே நிற்கும். ரிங்குகள் லைனரோடு இறுகிப் பொருந்த வேண்டிய அழுத்தம் இல்லை. எரியாத டீசலும் ஆயிலும் கலந்த கறுப்புப் பிசின் மேனிஃபோல்டு இணைப்பிலும் டர்போ வாயிலும் வழியும். ஜெனரேட்டர் ஆட்கள் இதற்கு வெட் ஸ்டாக்கிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டீசலைத் தெளிக்கும் நாசில் முனையில் கரி கட்டும், ரிங் பள்ளத்தில் ஒட்டும். ஆயில் டிப்ஸ்டிக்கை மாதக்கணக்கில் கவனித்து வந்தால் ஒரு நாள் அளவு கூடியிருக்கும். ஆயில் தானாகப் பெருகாது; இறங்கியிருப்பது டீசல். விரலில் தேய்த்து முகர்ந்தாலே வாடை சொல்லிவிடும். மெலிந்த ஆயிலோடு சுமை ஏற்ற வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

புகை சுத்திகரிப்பு பொருத்திய புதிய வண்டிகளுக்கு இன்னொரு தலைவலி. சைலன்சரில் உள்ள டீசல் பர்ட்டிகுலேட் ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள 550 முதல் 600 டிகிரி வேண்டும். ஸ்லோவில் புகைக்கரி சேரும், எரியாது. யூரியா கரைசலைத் தெளிக்கும் எஸ்சிஆர் அமைப்பும் 200 டிகிரிக்குக் கீழே சும்மா இருக்கும். புகையில் ஒரு பங்கை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வும் டர்போவின் அசையும் இதழ்களும் கரியில் சிக்கிக்கொள்ளும். இந்த வண்டிகளில் நின்ற இடத்தில் ஆர்பிஎம் தானாக 1000-க்கு மேல் ஏறினால் அது வார்ம்-அப் அல்ல, நின்ற இடத்தில் ஃபில்டர் தன் கரியை எரிக்கும் பார்க்டு ரீஜெனரேஷனாக இருக்கலாம். டாஷ்போர்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அப்போது சைலன்சர் அடுப்பாகிவிடும். கீழே காய்ந்த புல் இருந்தால் பற்றிக்கொள்ளும். பாதியில் அணைத்தால் ஃபில்டர் மேலும் அடைக்கும்.

மூடிய ஷெட்டுக்குள் எந்த வேகத்திலும் ஓடவிடக் கூடாது. டீசலில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோலைவிடக் குறைவு என்பது உண்மை. அது இல்லவே இல்லை என்று பொருளல்ல. குளிர்ந்து அரைகுறையாக எரியும் இன்ஜினில் அது கூடும்.

சூடுதான் வேண்டும் என்றால்

இன்ஜினுக்கு வேலை கொடுக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் நின்ற இடத்திலேயே 1000 ஆர்பிஎம் வைத்து அதைப் போட்டால் புகை வழி சுருங்கும், பிஸ்டன் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும், கவர்னர் டீசலைக் கூட்டும். அதே ஆர்பிஎம், ஆனால் ஒவ்வொரு வெடிப்பும் கனமானது. சத்தம் தடித்துப் போவதைக் காதாலேயே கேட்கலாம். இந்த வசதி வண்டிக்கு அனுமதிக்கப்பட்டதா என்று கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். எல்லா இன்ஜினுக்கும் பொருந்தாது.

டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த 24 வால்வு கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜினில் இன்னொரு தந்திரம் உண்டு. கடுங்குளிரில் இசியு ஆறில் மூன்று சிலிண்டருக்கு டீசலை நிறுத்திவிட்டு, வேகத்தை 1200 பக்கம் ஏற்றும். மூன்று சிலிண்டர்கள் ஆறின் சுமையைச் சுமக்கின்றன. ஒவ்வொன்றிலும் விழும் டீசல் இரட்டிப்பு, எரியும் இடம் அதற்கேற்பச் சூடு. சத்தம் கேட்பவர் நாசில் போய்விட்டது என்று பயந்துவிடுவார். சுமையில்லாமல் வேகம் மட்டும் கூட்டினால் போதும் என்றால் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டார்கள்.

மின்சாரம் பக்கத்தில் இருந்தால் இன்ஜினில் பொருத்தும் மின் ஹீட்டரான பிளாக் ஹீட்டருக்கு ஈடு இல்லை. 1000 முதல் 1500 வாட் ஹீட்டரைக் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன் சொருகினால் போதும்; இரவு முழுக்க வேண்டியதில்லை. இன்ஜின் வெதுவெதுப்பாகவே ஸ்டார்ட் ஆகும், வெள்ளைப் புகைக்கு இடமிருக்காது. மின்சாரம் இல்லாத இடத்தில் டீசலில் எரியும் கூலன்ட் ஹீட்டர். 5 கிலோவாட் கருவி மணிக்கு 0.6 லிட்டர் சொச்சம் டீசல் குடித்து, இன்ஜினை ஓட்டாமலேயே கூலன்டைச் சூடாக்கும். 3 லிட்டர் எரித்து 10 கிலோவாட் எடுக்கும் ஸ்லோவோடு இதை ஒப்பிட்டால் எது மலிவு என்று தெரிந்துவிடும். ரேடியேட்டர் முன் போடும் மறைப்புத் துணி ஓடும்போது உதவும். நிற்கும்போது இன்ஜின் மேல் படும் காற்றைக் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் ஸ்லோவைக் கூட்டி நின்றாலும் கியர்பாக்ஸ் ஆயில் அரைகுறையாகத்தான் சூடாகும்; டிஃபரென்ஷியல் ஆயில் ஒரு டிகிரி கூட ஏறாது. அங்கே இருப்பது 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 போன்ற கெட்டி ஆயில்; வீல் பேரிங் கிரீஸும் அப்படித்தான், டயரும் அப்படித்தான். அவை சக்கரம் சுழன்றால் மட்டுமே சூடாகும். இன்ஜின் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று முதல் கிலோமீட்டரிலேயே ஏற்றத்தில் முழுச் சுமையை இழுத்தால், அந்தக் குளிர்ந்த ஆயிலில் சுற்றும் டிஃபரென்ஷியலின் கிரவுன் பல்லுக்குத்தான் முதல் அடி விழும். 40 டிகிரியில் கிளம்பி, முதல் நாலைந்து கிலோமீட்டரை 1500 ஆர்பிஎம்முக்குள் வைத்து, ஒவ்வொரு கியரையும் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றிப் போங்கள்.